ராசுவின் சோத்தாங்கை

அலுமினிய ஸ்பூன் பல்லில் உரசும்போது உடம்பெல்லாம் ஒரு கூச்சம் ஓடுமே, நாக்கின் ஓரத்தில் லேசாகக் கரித்துவிட்டு காதுக்குப் பின்னால் போய் நிற்குமே, அது எனக்கு இன்றைக்கும் வந்தால் கூடவே ஒரு வெள்ளை வெயிலும் வந்துவிடும். பனையோலைக் கூரையின் பொத்தல்கள் வழியாக இறங்கி, சாணி மெழுகிய தரையில் வட்டம் வட்டமாக விழுந்து கிடக்கும் வெயில். அதன் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, வாயைப் பிளந்தபடி என் தம்பி ராசு இருப்பான். அவனுக்கு அப்போது இரண்டு வயது, எனக்கு ஒன்பது.

அறுபதுகளின் கடைசி அது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில், மழை பெய்தால் மட்டும் ஊர் என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்கும் ஓர் ஊர் எங்களுடையது. அந்த வருஷம் மழையையே காணோம். அய்யா ரோட்டு வேலைக்கு மதுரைப் பக்கம் போய்விட்டார், மாதம் ஒருமுறை தலையைக் காட்டுவார். அம்மா, அடுத்த ஊர்க் கண்மாயில் நடந்த மண்வேலைக்கு விடியும் முன்பே கூழ்ச் சட்டியோடு கிளம்பிப் போய், பொழுது சாயும்போது தலையெல்லாம் கரம்பை மண் தூசியோடு திரும்பி வருவாள். அதுவரைக்கும் ராசுவுக்கு நான்தான் எல்லாம். நாலாம் வகுப்பில் வகுத்தல் கணக்குப் பாதியில் இருக்க, ஆடி மாதத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, இடுப்பில் ஒரு தம்பியோடு வீட்டில் நின்றேன்.

பள்ளிக்கூடத்து மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம், வெக்கையில் மிதந்து மிதந்து எங்கள் வாசல்வரை வந்துவிட்டு அங்கேயே கரைந்துபோகும். முதல் மணிக்கு நான் எழுந்து நிற்பேன், எதற்கு என்று எனக்கே தெரியாது. ஒருநாள் பெரிய சார் சைக்கிளை எங்கள் வேலியோரம் நிறுத்தி, "ஏத்தா பஞ்சவர்ணம், காப்பரிச்ச லீவு முடிஞ்சு தொறக்கிற அன்னைக்கு நீ வரலைன்னா பேர அடிச்சிருவேன். எனக்கு மேலயும் கேக்க ஆளு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். 'காப்பரிச்சை' என்றால் காலாண்டுத் தேர்வு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், ஏழு வாரம் இருந்தது.

வழி ஒன்றுதான். ஊரில் புதிதாகத் திறந்திருந்த பால்வாடியில் ராசுவைச் சேர்த்துவிட வேண்டும். அந்தக் கொட்டகையை நடத்திய டீச்சரம்மா நல்ல மனுஷி. வயசைக்கூடக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. பிள்ளை தானாகச் சாப்பிட வேண்டும், அதுவும் ஸ்பூனால். "கஞ்சி காச்ச ஒரு கொடம், குடிக்க ஒரு கொடம். முப்பது பிள்ளைக, அறுவது கை! கழுவிவிட நான் கண்மாய்க்குள்ள போயி ஊத்தா தோண்டுவேன்? தட்டும் ஸ்பூனும் வீட்டுல இருந்து வரணும்த்தா" என்றாள். ஊர்க் கிணறு தரையைத் தட்டிக்கொண்டிருந்த வருஷத்தில் அதற்கு எதிர்ப்பேச்சு பேச யாராலும் முடியவில்லை.

எங்கள் வீட்டில் அகப்பை உண்டு, குழம்புக் கரண்டி உண்டு. ஸ்பூனுக்கு எங்கே போவது! ராசுவோ, கையால்கூட அள்ளித் தின்னத் தெரியாத செல்லம். அம்மா உருட்டிக் கொடுப்பதையும் நான் உருட்டிக் கொடுப்பதையும் வாங்கி வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. அம்மா அந்த வாரமே வீரசோழன் சந்தைக்குப் போய், முந்தானையில் முடிந்து ஓர் அலுமினிய ஸ்பூனை வாங்கி வந்தாள். இலேசாக, விரலால் அழுத்தினால் வளைகிற மாதிரி இருந்தது. அதை மூன்று பேரும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.

அப்புறம் வந்த அந்த மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் சொருகுகிறது. எங்கோ ஆட்டுக் கழுத்து மணி கேட்கும், பிறகு அதுவும் நின்றுபோகும். நானும் அவனும் எதிரும் புதிருமாகக் காலைப் பரப்பி உட்காருவோம், நடுவில் கம்பங்கூழ் வட்டில். முதலில் மணலை வைத்துப் பழக்கினேன். கொட்டாங்கச்சியிலிருந்து அள்ளி இன்னொரு கொட்டாங்கச்சியில் போட வேண்டும். அவன் அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டான். கூழுக்கு மாறியதும், ஸ்பூனில் பட்ட வெயில் துள்ளி மண்சுவரில் ஒரு சின்ன வெளிச்சமாக ஓடுவதைக் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவுதான், சாப்பாடு மறந்துபோய் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கச் சுவரோடு சுவராகத் தவழ்வான். நானும் எத்தனையோ நாள் கூழ் ஆறி ஆடை படிவது தெரியாமல் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டில் எங்கள் இருவரைத் தவிர உலகமே இல்லாததுபோல இருக்கும்.

நான் குழம்புக் கரண்டியை எடுத்து அவன் எதிரில் தின்று காட்டுவேன், அவன் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். முதல் வாரம் கூழெல்லாம் மார்பில் வழிந்தது. மூன்றாம் வாரம் பாதி வாய்க்குப் போனது. ஐந்தாம் வாரம் ஒருநாள், ஒரு பொட்டுச் சிந்தாமல் வட்டிலை வழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, தீந்து" என்றான். அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன்!

மறுநாளே பால்வாடிக்குக் கூட்டிப்போனேன். டீச்சரம்மா தட்டில் கோதுமைக் கஞ்சி ஊற்றி வைத்தாள். ராசு ஸ்பூனை எடுத்தான், அழகாக அள்ளினான், வாயில் வைத்தான். டீச்சரம்மாவின் முகம் சுருங்கியது. "ஏ புள்ள, என்ன இது, பீச்சாங்கையில தின்னுறான்? இவனப் பாத்து மத்ததுகளும் பழகிக்கிருமே! அவுகவுக ஆத்தாளுக்கு நானா பதில் சொல்ல? மாத்திக் கூட்டியா" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்து நான் என் 'சோத்தாங்கை'யால் தின்று காட்ட, அவன் தன் பக்கத்தில் அந்தக் கைக்கு நேர் எதிரே இருந்த கையைத் தூக்கியிருக்கிறான். ஐந்து வாரமாக நானே உட்கார்ந்து பிள்ளையைக் கெடுத்திருக்கிறேன்! ஸ்பூன் பிடிக்கிற கை எதுவானால் என்ன, கஞ்சியில் கை படவா போகிறது என்று நீங்கள் கேட்கலாம். அன்று நான் அப்படிக் கேட்டிருந்தால் கன்னம் பழுத்திருக்கும். அம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஒரு பந்தியில ஒக்காந்தான்னா வளத்தவளத்தானே பேசுவாக" என்று புலம்பிவிட்டு, மறுநாள் விடியும் முன்பே பழஞ்சேலைக் கிழிசலால் அவன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

ராசு ஸ்பூனைத் தொடவில்லை. கட்டிய கையையே குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. லீவு விட இன்னும் ஒரு வாரம், அப்புறம் லீவு பத்து நாள், அதோடு என் பேர் போய்விடும். பள்ளிக்கூடத்து மணி அடித்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, அவன் தொடையில் கிள்ளிவிட்டேன், நன்றாகத் திருகி. அவன் கத்தவில்லை, கட்டுக்குள் இருந்த விரல்களை மட்டும் அசைத்தான். அம்மா சாகும்வரை இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் தலை வாரும்போதுதான் புத்தி வந்தது. சுவரில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியில் ஒருத்தி எனக்கு எதிராகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என் சீப்பு சோத்தாங்கையில் இருந்தது; அவளுக்கோ, அவளை என் பக்கத்தில் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தால், சீப்பு பீச்சாங்கையில். சீப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ராசுவின் கட்டை அவிழ்த்தேன். எதிரே உட்கார்ந்தேன். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குழம்புக் கரண்டியை என் இடது கையில் பிடித்துக் கூழை அள்ளித் தின்றேன்.

உடம்பு கூசிப்போனது. எந்தச் சாமி பார்க்கிறதோ என்று பயமாகவும் இருந்தது. ராசு வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடது கை இரண்டு முறை எழுந்து, எழுந்த வழியே போய் மடியில் படுத்துக்கொண்டது. பிறகு வலது கை, யாருடைய கையோ போல, தயங்கித் தயங்கி ஸ்பூனைத் தொட்டது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் அந்தக் களவு விருந்தைச் சாப்பிட்டோம்.

லீவில் கடைசிக்கு முந்தின நாள், யாரும் எதிர்பாராமல் மத்தியானமே வானம் கறுத்து மழை இறங்கியது. மண்வேலையை நிறுத்திவிட்டு, நனைந்த சேலையோடு ஓடிவந்த அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் பீச்சாங்கையால் தின்றுகொண்டிருந்தேன். பளாரென்று விழுந்தது. "அடிப்பாவி! அவனத் திருத்தச் சொன்னா நீயும் கெட்டுப்போயிட்டியாடி!" நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, என்னைய அடிக்காத, அவன் கையப் பாரு, அவன் கையப் பாரும்மா" என்று அழுதேன். அம்மா திரும்பினாள். ராசு எங்கள் ரகளை எதுவும் தெரியாமல், சோத்தாங்கையால் கூழை அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை ராசு பால்வாடிக்குப் போனான், நான் நாலாம் வகுப்புக்குப் போனேன். பெரிய சார் வருகைப் பதிவேட்டில் என் பேரைக் கூப்பிட்டபோது நான் சொன்ன "உள்ளேன் ஐயா" அடுத்த வகுப்புக்கும் கேட்டது. அப்படியே பதினோராம் வகுப்புவரை ஏறி, டைப் அடிக்கக் கற்று, மதுரையில் வேலைக்கும் போய்விட்டேன்.

ராசு வளர்ந்தான். கல் எறிவது, விறகு வெட்டுவது, ஆணி அடிப்பது எல்லாம் இடது கையால். தின்பதும் எழுதுவதும் மட்டும் வலது கை. பால்வாடியில் தொடங்கியதைப் பள்ளிக்கூடத்துப் பிரம்பு முடித்துவைத்தது. எதிரே உட்கார்ந்து நான்தான் அவனைக் கெடுத்தேன், பாதியைத்தான் என்னால் திருத்த முடிந்தது என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். பிறகு என் மகளுக்கும் எதிரே உட்கார்ந்துதான் ஸ்பூன் பழக்கினேன். அவள் முதல் நாளே வலது கையில் எடுத்தாள். அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் கெடுக்கவில்லை. அவன் பிறவியிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறான்.

ஊரில் அந்தப் பால்வாடிக் கொட்டகை இருந்த இடம்கூட இப்போது தெரியவில்லை. புதிதாகக் கட்டிய கட்டடத்தின் வாசலில் வரிசையாகக் குழாய்கள், பிள்ளைகள் தண்ணீரை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் தெளித்துக் கை கழுவுகிறார்கள். அம்மா போய்விட்டாள். அந்த ஸ்பூன் எந்த இடமாற்றத்தில் தொலைந்ததோ!

போன பொங்கலுக்குக் காரியாபட்டியில் ராசுவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பேரன் எல்லாருக்கும் கப் ஐஸ்கிரீமும் ஆளுக்கொரு மர ஸ்பூனும் கொடுத்தான். டிவியைப் பார்த்தபடி என் எதிரே உட்கார்ந்திருந்த ராசு, நினைவில்லாமல் ஸ்பூனை இடது கையில் எடுத்து ஒரு வாய் அள்ளினான். எவ்வளவு லாகவம்! ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, அந்தக் கை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். அறுபதை நெருங்கும் என் தம்பி, மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி, சட்டென்று ஸ்பூனை வலது கைக்கு மாற்றினான்.

"ஏலே, எதுக்கு மாத்துற? அதுலயே தின்னுடா" என்றேன்.

"விடுக்கா, நீ எதிர்க்க ஒக்காந்திருந்தா கை தன்னால மாறிக்கிருது" என்று சிரித்துவிட்டு, அவன் கரைந்துகொண்டிருந்த ஐஸ்கிரீமை வலது கையால் மெல்ல வழிக்கத் தொடங்கினான். என் பள்ளிக்கூடத்துக்காக நான் படுக்கவைத்த கை அவன் மடியில் கிடந்தது.