யூலையில் அவர்கள், ஆடியில் நாங்கள்

முன்பின் தெரியாத ஒரு பெண் உங்களுக்கு ஃபோன் எடுத்து, "விண்டரில் மூன்று மணிக்கே இருட்டுகிற ஒரு நாட்டில் உங்கடை கொம்பனிக்கு ஒரு கிளை திறக்கிறீங்களோ?" என்று கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? அதைத்தான் எல்லோரும் என்னிடமும் சொல்கிறார்கள். ஃபோனில் விற்றுப் பிழைக்கிற ஆட்களுக்கு என் நிலைமை விளங்கும். நீங்கள் இன்சூரன்ஸ் விற்றிருப்பீர்கள், இன்டர்நெட் விற்றிருப்பீர்கள். நான் நாடு விற்கிறேன்.

நாட்டின் பெயரை விடுங்கள். ஐரோப்பாவின் வடக்குத் தொங்கலில் இருக்கிற சின்ன நாடு. எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் அந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. அதனால் இன்டர்வியூவுக்குப் போகும்வரை அப்படியொரு நாடு இருப்பது எனக்குத் தெரியாது. கனடாக் கொம்பனிகளைப் பிடித்துத் தங்கள் நாட்டில் முதலீடு செய்ய வைப்பதற்காக அந்த அரசாங்கம் டொரொன்டோ டவுன்டவுனில் ஒரு குட்டி ஒஃபிஸ் வைத்திருக்கிறது. அதில் இரண்டே பேர். மனேஜர் இங்கா, அந்த நாட்டுக்காரி. மற்றது நான், மல்வேர்னில் இருந்து பஸ் எடுத்து வருகிறவள்.

போன வருசக் கடைசியில் தலைமையகத்தில் இருந்து ஒரு செய்தி வந்தது. கோடை லீவு முடிந்து தாங்கள் கூட்டம் வைக்கும்போது ஒரு கொம்பனியாவது கையெழுத்து வைத்திருக்க வேண்டுமாம். இல்லையென்றால் டொரொன்டோ ஒஃபிஸைப் பூட்டிவிடுவார்களாம். எனக்கு அந்த ஒஃபிஸ் பூட்டுப்படக் கூடாது. அந்த நாட்டின்மேல் உள்ள பற்றினால் அல்ல. காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

குறைகள் முதலில்

எங்கள் விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது நாட்டின் குறைகள். விண்டர் இருட்டு. வரி கூட. வேலைக்கு ஆட்கள் குறைவு. தக்காளி விலை பார்த்தால் தலை சுற்றும். பிறகு எப்படியும் தெரியவரப் போவதை முதலே சொல்லிவிடுவது அந்த நாட்டுக்காரரின் வழக்கம். நல்ல விசயங்கள் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கும். ஃபோனிலும் இதே ஒழுங்கில்தான் சொல்ல வேண்டும் என்பது இங்காவின் கட்டளை.

ரெக்ஸ்டேலில் சோபா செய்து விற்கிற ஒரு தமிழ் அண்ணைக்கு எடுத்தேன். இருட்டைச் சொன்னேன், வரியைச் சொன்னேன், ஆட்களையே தூக்கிக்கொண்டு போகிற காற்றையும் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்செடுத்துக்கொண்டு நன்மைகளுக்கு வரப் பார்த்தபோதுதான் வாய் திறந்தார்.

"தங்கச்சி, நீர் கலியாணம் பேசப் போனால் ஊரிலை ஒரு குமரும் கரையேறாது."

மூன்றரை மணி

இப்போது அந்தக் காரணம். என் மகள் ஆதிராவுக்கு மூன்று வயது. அவளைப் பகலில் பார்க்கிற டேகெயார் ஐந்து மணிக்குப் பூட்டும். டவுன்டவுனில் இருந்து மல்வேர்ன் வந்து சேர்வதென்றால் சப்வே, பஸ், பிறகு ஓட்டம். இதற்கு முன்பு வேலை செய்த இடங்களில் அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுவதற்குச் சுப்பவைசருக்கு முன்னால் அழாத குறையாக நின்றிருக்கிறேன். இந்த ஒஃபிஸில் மூன்றரை அடித்தால் இங்கா எழும்பி லைற்றை நிற்பாட்டிவிடுவாள். முதல் கிழமை நான் நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததைக் கண்ட மாமி, "ஏன் பிள்ளை, வேலையாலை நிப்பாட்டிப்போட்டினமோ?" என்று தேத்தண்ணி போட்டுத் தந்தா.

ஒருநாள் மிசிசாகாக் கொம்பனிக்காரர் ஒருவர், வாராது வந்த மாமணி போல, "இன்னும் விபரமாச் சொல்லுங்கோ" என்றார். மணி மூன்று இருபத்தைந்து. நான் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். இங்கா என்னுடைய ஜக்கெற்றோடு வந்து நின்றாள். நான் கையால் பொறு என்று காட்டினேன். அவள் ஜக்கெற்றை என் மடியில் வைத்துவிட்டு ஃபோனை வாங்கினாள். (அந்த மனிதர் அதன்பிறகு எடுக்கவேயில்லை.) அவள் அவருக்கு இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"அவவின்ரை பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும். நாளைக்குக் காலமை எடுங்கோ. எங்கடை நாடு அங்கைதான் இருக்கும்."

குகன் அண்ணையின் ஒரே கேள்வி

கடைசியில் ஆள் கிடைத்தது எங்கள் டேகெயாருக்குப் பக்கத்துத் தெருவில். குகன் அண்ணை மல்வேர்னில் ஒரு தொழிற்சாலை வைத்திருக்கிறார். மீனை ஐஸ் கரையாமல் அனுப்புகிற குளிர்ப்பெட்டிகள் செய்கிறார். எங்கள் நாடோ பிடித்த மீனில் பாதிக்கு மேல் வெளியே அனுப்புகிற நாடு. ஜாதகம் பார்த்ததுபோல் பொருத்தம். நான் நேரே போய், வழக்கப்படி குறைகளை வரிசையாகச் சொன்னேன். மனிதர் ஒன்றுக்கும் அசையவில்லை. "அங்கை கோயில் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

இங்கா இந்தக் கேள்வியைத் தலைமையகத்துக்கு அனுப்பினாள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்து அறிக்கை எழுதியிருந்தார்கள். கோயில் ஒன்று உண்டு. பழைய மீன் களஞ்சியம் ஒன்றில் வாடகைக்கு நடக்கிறது. ஐயர் கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறார். கோடையில் தேர் வெளியே வரும், வேட்டிக்கு மேலே ஜக்கெற் போட அனுமதி உண்டு. கார் நிறுத்த இடம் போதுமானது. குகன் அண்ணை அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"கோயில் இருக்கெண்டால் சனம் இருக்கும். சனம் இருக்கெண்டால் கடை இருக்கும், கருவேப்பிலையும் இருக்கும். இனிச் சொல்லும் தங்கச்சி, வரி என்ன மாதிரி?"

சுவரில் இல்லாத மாதம்

பாங்க் அலுவல்கள் முடிய யூன் முடிந்துவிட்டது. யூலையில் எங்கள் நாடு இயங்காது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமைச்சரில் இருந்து கூட்டுகிற ஆள்வரைக்கும் தீவுகளில் இருக்கிற மரவீடுகளுக்குப் போய்விடுவார்கள். தலைமையகத்துக்கு எடுத்தால், ஓகஸ்டில் எடுக்கச் சொல்லி ஒரு குரல் சந்தோசமாகச் சொல்லும். ஆகவே, ஓகஸ்ட் முதலாம் புதன்கிழமை தலைவர் லார்ஸ் நேரே வந்து கையெழுத்து வைப்பதென்றும், எங்களைப் பூட்டுவதா இல்லையா என்ற கூட்டம் அந்தக் கிழமையே என்றும் போகும்போதே எழுதிவிட்டிருந்தார்கள். நான் ஒஃபிஸ் கலண்டரில் அந்தப் புதனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். பக்கத்தில் ஒரு பூவும் கீறினேன்.

அன்றைக்கே மலர் அக்கா ஃபோன் எடுத்தா. குகன் அண்ணையின் மனைவி, கொம்பனியில் பாதி அவவுடையது. "பிள்ளை, நீரும் தமிழ்ப் பிள்ளைதானே?" என்றுதான் தொடங்கினா. நான் கலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். ஆடி! கலியாணம், வீடு குடிபூரல், கடை திறப்பு ஒன்றும் வைக்காத மாதம். என்னுடைய கலியாணத்தையே ஆடிக்காகத் தள்ளிவைத்தவர்கள் என் வீட்டார். ஒஃபிஸ் சுவரில் யூலை இருந்தது, ஓகஸ்ட் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஆடி இருப்பதை நான் மறந்துபோனேன். "அக்கா, ஒரு கையெழுத்துத்தானே" என்று பார்த்தேன். "கடல் கடந்து கடை திறக்கிற அலுவல், பிள்ளை" என்றா. ஆவணி பிறக்கும்போது எங்கள் ஒஃபிஸ் இருக்காது. குகன் அண்ணையிடம் ஓடினேன். அவர் பெட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கெண்டால் ஒண்டுமில்லை, தங்கச்சி. ஆனால் வீட்டிலை சமைக்கிறது அவ."

தீவில் இருந்து ஒரு ஃபோன்

இங்காவிடம் குறையை முதலில் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவள் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள்: இந்தக் கொம்பனியின் மக்கள் ஆடி என்ற மாதத்தில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. பதில் இல்லை. யூலையாயிற்றே. நான் மத்தியான வேளைகளில் வேறு வேலை தேடினேன். எல்லா வேலையும் ஆறு மணிக்கு முடிகிற வேலை. மாமியிடம் டேகெயாருக்குப் போக ஏலுமோ என்று கேட்டுப் பார்த்தேன். "முழங்கால் ஏலாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் தேத்தண்ணி போட்டுத் தந்தா.

லீவு முடிகிற அன்றைக்கு லார்ஸ் எடுத்தார். பின்னால் கடற்பறவைகள் கத்தின. "அந்த மாதத்திலை அவை பழைய வேலையளைச் செய்வினமோ?" என்று கேட்டார். செய்வார்கள், புதிதாகத்தான் தொடங்கமாட்டார்கள் என்றேன். அந்த நாட்டுக்காரர் யோசித்தால் லைன் அறுந்துபோனதுபோல இருக்கும். நான் ஹலோ சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில், கூட்டத்தை ஆடிக்குப் பிறகு வைக்கிறோம் என்றார். நான் நன்றி சொன்னதை அவர் விரும்பவில்லை.

"அவை எங்கடை யூலையைப் பொறுத்தவை. அவையின்ரை மாதத்தை நாங்கள் பொறுக்காட்டில் என்ன மரியாதை?"

நல்ல நேரம்

ஆவணி பிறந்து லார்ஸ் வந்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்றார். அது ராகுகாலம். மலர் அக்கா பார்த்துச் சொன்ன நல்ல நேரம் மூன்றேகாலுக்குத் தொடங்கியது. தொழிற்சாலையில் குத்துவிளக்கு ஏற்றி, வாசலில் தேங்காய் உடைத்து, லார்ஸின் நெற்றியில் சந்தனமும் வைத்தாயிற்று. சாமி கும்பிட்டு முடித்துக் குகன் அண்ணை பேனையின் மூடியைக் கழற்ற, இங்கா என்னுடைய ஹான்ட்பாக்கோடு வந்து நின்றாள். மூன்றரை. "இங்கா, டேகெயார் பக்கத்துத் தெருதானே, இண்டைக்கு மட்டும்" என்றேன். அவள் வாசலைக் காட்டினாள்.

குகன் அண்ணை பேனையை மூடினார். "தங்கச்சி, ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். நல்ல நேரம் இன்னும் கிடக்கு. நீர் இல்லாமல் நான் வைக்கமாட்டன்." ஓடினேன். ஆதிராவையும் அவள் கீறிய ஊதா நிற மாட்டையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பேப்பர் அப்படியே கிடந்தது, வடைத் தட்டுத்தான் காலியாகியிருந்தது. கையெழுத்து விழுந்தது. ஒஃபிஸ் தப்பியது. லார்ஸ் சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைக் காட்டி என்னவென்று கேட்டார். மலர் அக்கா ஆடியைக் காட்டி விளக்கிவிட்டு, மார்கழியிலும் எதுவும் தொடங்கமாட்டோம் என்றா. அவர் கிட்டப் போய் விரலால் மாதங்களை எண்ணினார்.

"ரெண்டு மாதமோ? உந்தக் கலண்டரிலை எங்கடை தலைமையகத்துக்கும் ஒண்டு தருவீங்களோ?"

யூலையில் வேலை செய்யாத நாட்டுக்கு ஆடியில் தொடங்காத ஆட்களைப் பிடித்துக்கொடுக்கிற இந்த உத்தியோகத்தில் நான் நிலைக்க வேண்டுமென்றால் வருகிற வருசம் இரண்டு கொம்பனி வேண்டுமாம் என்பதால், உங்களில் ஆராவது கொம்பனி வைத்திருந்தால் எனக்கு ஒரு ஃபோன் எடுங்கோ, மூன்றரைக்கு முன்னம்.