மாடியில் காய்ந்த விதைகள்

காட்டு நாற்றுப் பண்ணையில் அவளுக்குப் பெயர் விதைக்காரி. மழைக்காட்டுக்குள் போய் விதை பொறுக்கி, கன்றாக்கி, மரம் வெட்டிய இடங்களில் நடுவதுதான் அவள் பிழைப்பு. வெட்டினாலும் காடு அழியக்கூடாது என்று அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு வகையிலும் தாய் மரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது உதிர்க்கும் விதையில்தான் அடுத்த தலைமுறை.

வீட்டுக்காரர் தையல்காரர். வாய் சும்மா இருக்காது. "நீ மரத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம், நடுவுல நான் எதுக்கு?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலைக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை.

அந்த வருஷம் ரோடு போட வந்த பாவிகள் ஓடைக்கரைத் தாய் மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். அந்த வகையில் காட்டிலிருந்த கடைசி மரம் அது. பல வருஷத்துக்கு ஒருமுறைதான் காய்க்கும், அப்போதுதான் காய்த்திருந்தது. கேட்டால் மேலிடத்து உத்தரவாம். மேலிடம் என்ன, அந்த மரத்தைவிட உயரமா?

கொட்டும் மழையில் கிளைகளுக்கடியில் ஊர்ந்து ஊர்ந்து பொறுக்கினாள். ஒரு கூடை தேறியது. ஈரச் சாக்கில் பொதிந்து கொண்டுவருவதற்குள் பண்ணையைப் பூட்டிவிட்டார்கள். காலையில் விதைக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தாள். உடம்பு கொதித்தது. "இந்தச் சாக்கைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிப் படுத்தவள்தான். காய்ச்சல் நாள்கணக்கில் அவளைப் புரட்டிப் போட்டது.

தெளிந்து கண் விழித்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"சாக்கு ஒரே ஈரம். பூஞ்சை புடிச்சுடுமேன்னு விதையை மாடியில பரப்பிட்டேன். மழை விட்டு நல்ல வெயில். இப்ப கல்லு மாதிரி காஞ்சிருக்கு."

சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். தைக்க வைத்திருந்த நல்ல வெள்ளைத் துணியில், ஒன்றோடொன்று ஒட்டாமல், விதைகள். ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே கருகிப்போயிருந்தது.

எந்த விதையையும் காயவைத்துத்தான் எடுத்து வைப்போம். அவரும் அதைத்தான் செய்தார். இந்த மரத்து விதை காய்ந்தால் செத்துப்போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

கத்திவிடத்தான் திரும்பினாள். வெயிலில் அவர் மூக்கும் நெற்றியும் தோலுரிந்து கிடந்தன.

"காக்கா வந்துச்சு. கடையைக்கூடத் திறக்கல, இங்கயே உக்காந்துட்டேன். எல்லாம் சரியா இருக்கா பாரு."

"நல்லா காய வச்சிருக்கீங்க" என்றாள். வேறென்ன சொல்வாள்?

அத்தனையையும் மண் நிரப்பிய பைகளில் ஊன்றிக் கொல்லையில் வைத்தாள். காலையில் எழுந்ததும் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலையாகிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் சமையலறைக்குள் போய் அழுவாள்.

இன்றும் ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது. "இன்னும் ஒண்ணும் காணோமே?"

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது மெதுவாத்தான் வரும்."

"வரட்டும், எனக்கென்ன அவசரம்" என்று அடுத்த பைக்குத் தண்ணீர் ஊற்றினார்.