மஸ்கெலியாவில் கடற்கரை விடுமுறை: தண்ணீரில் பனி, கரையில் சிறுத்தை

பெப்ரவரிக் கடைசியில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. என் பெரியப்பா மகள் நிலானி கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ரயிலேறி ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். பதினேழு வருடமாக மறுத்து வருகிறேன்.

வந்த அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வீட்டுலேருந்து ரயில் பாதையத் தாண்டினா கடல். ஒங்க ஊர்ல என்னடா இருக்கு? அட்ட."

"அட்டைக்காவது நம்ம மேல பாசம் இருக்கு, ஒட்டிக்கிட்டே வரும்" என்றேன். ஆனால் ரோசம் வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் பீச் இருக்கிறது, நாளைக்கே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடற்கரைச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் யாருக்கும் எந்த இணையதளமும் இதைச் சொல்லாது. காரணம் எளிது. இங்கே கடல் கிடையாது. மஸ்கெலியா நீர்த்தேக்கம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் ஏறினோம். இருபது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளை நிமிர்த்தி வைத்தால் கொழும்புக்கே போய்விடலாம். சிவனொளிபாதமலை சீசன் என்பதால் பஸ் முழுக்க யாத்திரிகர்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றுகொண்டே போனோம். மஸ்கெலியாவில் இறங்கி ஆட்டோக்காரரிடம், "அண்ணே, பீச்சுக்குப் போகணும்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, வெயில் அவ்வளவு ஏறலியே."

முந்நூறு ரூபாய்க்குக் கரையில் கொண்டுபோய் விட்டார். நிலானி புதுத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் இறங்கி, ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு இல்ல."

"உப்புச்சப்பில்லாத கடல். பிரஷர் உள்ளவங்களுக்கு நல்லது."

"அலையும் இல்ல."

"அலை இல்ல. அலைச்சல் உண்டு."

கிண்டல் போகட்டும், இந்தக் கரையில் செய்வதற்கு நிறைய உண்டு. அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. மழை குறைந்து நீர் இறங்கும் மாதங்களில் பழைய கோயிலும் சில சுவர்களும் தலைநீட்டும். வெடித்த சேற்றில் நடந்து அவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். காய்ந்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள். தட்டைக் கல் எறிந்து எத்தனை முறை துள்ளுகிறது என்று பந்தயம் கட்டலாம் (அவளுக்கு ஏழு, எனக்கு மூன்று, காற்று சரியில்லை). கரைக் கடையில் சுடச்சுடப் பொரித்த திலாப்பியா மீனும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் கிடைக்கும். மத்தியானம் வரை நிலானி எட்டுப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். பீச் வாதத்தில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் படகு வந்தது. செல்வம் அண்ணன் எதிர்க்கரைத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர். கடைச் சாமானையும் ஆட்களையும் துடுப்புப் போட்டு ஏற்றி இறக்குவார். ஆளுக்கு இருநூறு. எதிர்க்கரை ரோட்டிலும் டவுனுக்கு பஸ் வரும் என்றார். ஏறிவிட்டோம். மிதவைச் சட்டை பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் மூவரில் யாருக்கும் நீச்சல் தெரியாது என்பது நடுத்தண்ணீரில்தான் பேச்சுவாக்கில் தெரியவந்தது.

பனி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மலை இருந்தது, இல்லை. கரை இருந்தது, இல்லை. கொஞ்ச நேரத்தில் படகின் முனையில் உட்கார்ந்திருந்த நிலானியின் தொப்பி மட்டும் தெரிந்தது.

"அண்ணே, கரை எங்க?"

"இங்கதான் இருந்துச்சு" என்றார் செல்வம் அண்ணன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் பேசாம இருங்க. கண்ண மூடிக்கிட்டு வலிச்சா சுத்திக்கிட்டேதான் கெடப்போம்."

அந்த அமைதியில் படகு தானாக நகர்ந்து எதன்மேலோ 'கர்ர்ர்' என்று உரசியது. உரசல் என் உள்ளங்கால் வழியாக ஏறிப் பல்லுக்கு வந்தது.

"பழைய டவுன் சொவரு" என்றார் அவர்.

"அப்ப பஸ் ஸ்டாண்டும் பக்கத்துலதான் இருக்கும். எறங்கிக்கிறோம்ணே."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் என் செருப்பு நனைந்துகொண்டிருந்தது. படகின் அடியில் கை நீளத்துக்கு ஒரு விரிசல். ஐஸ் மாதிரித் தண்ணீர் அதன் வழியாக அவசரமில்லாமல் உள்ளே வந்தது. நிலானி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டு இறைக்கத் தொடங்கினாள். நான் என் சட்டையைச் சுருட்டி விரிசலில் அழுத்தினேன். வேடிக்கையாகப் பேச எனக்கு ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அப்போது தகரம் தட்டும் சத்தம் கேட்டது. டங், டங், டங். கூடவே பெண்களின் கூச்சல்.

"நம்ம மலைதான்!" செல்வம் அண்ணன் துடுப்பை எடுத்தார். "கொழுந்து எடுக்குறவங்க. பனியில ஒருத்தர ஒருத்தர் கூப்புடுறாங்க." சத்தத்தைக் குறிவைத்து வேகமாக வலித்தார். சத்தம் நெருங்க நெருங்க எனக்கு அழுகையே வந்தது, சந்தோசத்தில். பிறகு வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன.

"கீழ எறங்குது! கீழ எறங்குதுடி! தண்ணிப் பக்கம் வெரட்டு!"

துடுப்பு நின்றது. செல்வம் அண்ணன் வாய்க்குள் சொன்னார், "சிறுத்த."

போன மாதத்திலிருந்து அந்த மலையில் நடமாட்டமாம். பெண்கள் கூடையோடு பழைய எண்ணெய்த் தகரத்தையும் கொண்டுவருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் வழிகாட்டி என்று நம்பி வந்த சத்தம், சிறுத்தையை நாங்கள் இறங்கப்போகும் இடத்துக்கே விரட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா! நாங்க இருக்கோம்!" என்று கத்தினேன்.

கூச்சல் நின்றது. "யார்ரா அது, தண்ணிக்குள்ள?"

"படகுல வந்தோம்க்கா! படகு ஒழுகுது!"

"வராதீங்க! அது அந்தப் பக்கந்தான் வருது!"

"வரலன்னா முங்கிருவோம்க்கா!" என்றாள் நிலானி. அவள் குரல் உடைந்திருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

மேலே என்னவோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு கரகரத்த குரல், "ஏய், எல்லாரும் கைகோத்த மாதிரி வரிசையா வாங்கடி. ஒருத்தியும் பின்னால நிக்கக் கூடாது. எறங்கு!"

அவர்கள் அதை நோக்கியே இறங்கி வந்தார்கள். தகரத்தைத் தட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததை எல்லாம் கத்திக்கொண்டு. பனிக்குள் ஓரிடத்தில் மட்டும் தேயிலைச் செடிகள் காற்றில்லாமல் அசைந்தன. அந்த அசைவு கரையை ஒட்டி வந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, பக்கவாட்டில் திரும்பி வரிசை வரிசையாக விலகிப் போனது. நான் பார்த்த சிறுத்தை அவ்வளவுதான். போதும்.

அந்தக் கரகரத்த குரல்காரர் ராசாத்தி அக்கா. எங்களைக் கைபிடித்து இறக்கினார். செல்வம் அண்ணன் படகை மேலே இழுத்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரையும் எழுப்பி, மூவரையும் நடுவில் விட்டு, தட்டிக்கொண்டே ரோடு வரை ஏற்றினார்கள். அங்கிருந்து அண்ணன் தன் லயத்து வீட்டுக்குப் போனார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கரையும் கோயிலும் மீனும் அருமை, கட்டாயம் போங்கள், ஹட்டனிலிருந்து போய்வர ஒரு நாள் போதும். படகு வேண்டுமென்றால் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்குமேல் வேண்டாம். மிதவைச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். நாங்கள் வெட்கப்படவில்லை, நினைக்கவே இல்லை, அது அதைவிட மோசம். தேயிலைக்குள் குறுக்கு வழி தேடாதீர்கள்.

ரோட்டில் எங்களை விட்டதும் பெண்கள் திரும்பினார்கள், வந்த வழியே.

"அக்கா, போவாதீங்க" என்றாள் நிலானி.

"போவாம? கொழுந்துக் கூட பாதிகூட ரொம்பல. நிறுக்குறப்ப நிற வரலன்னா அரப் பேருதான் போடுவாங்க, அரநாள் சம்பளம்."

"சிறுத்த அங்கதானே இருக்கு?"

"அதுவும் அங்கதான் இருக்கு, நாங்களும் அங்கதான் இருக்கோம்" என்று சிரித்துவிட்டு ராசாத்தி அக்கா பனிக்குள் இறங்கினார்.

டங், டங் என்று சத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. நாலேகாலுக்கு பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். நிலானி மிதிபலகையில் ஒரு காலோடு நின்றாள்.

"டேய், சத்தம் நின்னுருச்சு."

"ஏறு தங்கச்சி, ரைட்!" என்றார் கண்டக்டர். அவள் காலை எடுத்துக் கீழே வைத்தாள். நானும் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

"ராசாத்தி அக்கா!" நிலானி பனியைப் பார்த்துக் கத்தினாள். பதில் இல்லை. மறுபடியும் கத்தினாள். நானும் கத்தினேன்.

வெகு கீழேயிருந்து எரிச்சலாக ஒரே ஒரு டங். பிறகு அந்தக் கரகரத்த குரல்:

"இன்னும் போவலியாடி நீங்க?"

அந்த ரோட்டில் அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். ரோட்டோரத்தில் உட்கார இடம் கிடையாது. பஸ் வரும்வரை நாங்கள் கத்திக்கொண்டே இருந்தோம், அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.