மையத்து ஆடு

எல்லைப் போராட்ட காலத்தில் பாறசாலைப் பக்கம் எல்லாருக்கும் ஒரே பேச்சு, தாலுகா மலையாளப் பக்கம் இருக்குமா, மெட்ராசுக்குப் போகுமா என்பதுதான். எனக்கோ பக்கத்து வீட்டு அக்காவின் ஆடு எப்போது ஈனும் என்பதுதான் நினைப்பு. வாய்விட்டுக் கேட்க வெட்கம். பலா இலை கொண்டுபோய் அதற்கு ஊட்டிவிட்டு வருவேன்.

அந்த ஆட்டைக் கொடுத்தது ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம். பெண்ணுக்கென்று ஒரு சொத்து இருந்தால் குடும்பம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்களாம். முதலில் பிறக்கும் பெட்டைக்குட்டியை அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் ஆடு அக்காவுக்கே சொந்தம். அடுத்த வீட்டுக்காரி நான். கல்யாணமாகி வந்த புதிது. எனக்கென்று ஒரு கோழிகூடக் கிடையாது.

ஒரு நாள் மையத்து சார் ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லை முடிவாகும்வரை மையத்திலேயே வைத்திருக்க, ஆட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உத்தரவாம்.

அக்கா இடுப்பில் கைவைத்தாள். “தாலுகா மெட்ராசுக்குப் போனா ஆடு வேற பாஷையிலயா கத்தும், சாரே?”

“அது சென்டர்ல கேட்டாத்தான் தெரியும்” என்றார் அவர், சிரிக்காமல்.

கயிற்றை இழுத்தார். ஆடு படுத்துக்கொண்டது. எப்படியோ என் வாய் திறந்துவிட்டது.

“அது வராது, சார். இப்ப ஈனப்போவுது!”

“எட்டி, ஒனக்கு வாயும் உண்டாக்கும்!” என்றாள் அக்கா.

முதலில் வந்தது கிடா. எனக்கு அழுகை முட்டியது. சார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். அடுத்ததைக் கையில் ஏந்திப் பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

“பெட்டை! பெட்டை!”

ரோட்டில் போன ஊர்வலம் என்ன நினைத்ததோ, பதிலுக்கு “வாழ்க! வாழ்க!” என்று முழங்கியது. அக்கா சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குட்டியை வாங்கி, அரைகுறையாகத் துடைத்து, ஈரத்தோடு என் முந்தானையில் வைத்தாள்.

“குட்டியக் கொடுத்தாச்சு. இனி ஆடு எனக்காக்கும். நீங்க சொன்ன சட்டம்தானே சாரே?”

சார் யோசித்தார். கயிற்றை அவளிடமே கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சொத்து கிடைச்சாச்சே. இப்ப என்ன மாற்றம்?”

“முந்தானை நனைஞ்சு போச்சு, சார்” என்றேன்.