அக்கா ஒரு படத்தையும் வைத்துக்கொள்ளவில்லை

2004ஆம் ஆண்டு ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். தென்காசியில் சாரல். வெயிலும் தூறலும் மாறி மாறி வந்துகொண்டிருந்ததால் கொடியில் கிடந்த துணிகளை நான் அரை மணி நேரத்தில் மூன்று முறை உள்ளே எடுத்து, மூன்று முறை மறுபடி உலர்த்தியிருந்தேன். அப்போதுதான் அக்காவின் பழைய மாணவி ஒருவர் சென்னையிலிருந்து ரயிலில் வந்திறங்கி, ஒரு பெட்டியை எங்கள் வீட்டு மேசையில் வைத்தார். அதற்குள் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா இருந்தது. ஆறு மெகாபிக்சல். லென்ஸைக் கழற்றி மாற்றலாம். ஃபிலிம் கிடையாது. அக்காவுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. ஓய்வுப் பணத்தில் அவர் தமக்கென்று வாங்கிக்கொண்ட பொருள் அது ஒன்றுதான்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அக்காவைப் பற்றி ஒரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள். நம்பிப் படமெடுக்க விட்ட பெண்களுக்கு, 'எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் படங்களைத் தம்மிடமே ரகசியமாக வைத்துக்கொண்டார் என்ற பேச்சு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அது நம் வீட்டு விசேஷங்களில் இலைக்கு இலை பரிமாறப்படுகிறது. அது பொய். வைத்துக்கொண்டவன் நான். அக்காவின் வாழ்க்கையை எழுதும் இடத்தில் இதையும் எழுதுகிறேன். இதை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா 1946இல் இலஞ்சியில் பிறந்தார். நான் அவருக்கு நான்கு ஆண்டு இளையவன். அப்பா காலமானபோது அக்காவுக்கு வயது பத்தொன்பது. தாவரவியல் படித்து, தென்காசியில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். என்னைப் படிக்கவைத்தது அவருடைய சம்பளம். மணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு என்னைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அக்கா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. என் மனைவி காலமான பிறகு, பிள்ளைகள் இல்லாத நானும் அக்காவோடு வந்து தங்கிவிட்டேன். நான் பொதுப்பணித் துறையில் மழையளவும் அணை நீர்மட்டமும் பதிவு செய்தவன். எங்கள் அலுவலகத்தில் எந்தப் பதிவேடும் இரண்டு பிரதிதான். ஒன்று போனாலும் ஒன்று இருக்க வேண்டும். இது எனக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். பின்னால் நடந்ததற்கு இதுவே காரணம். சமாதானமாக இதைச் சொல்லவில்லை.

கேமரா வந்த முதல் ஐந்து மாதம் அக்கா குற்றாலத்துக்குப் போய்ப் பழகினார். ஐந்தருவிப் பாதையில் பாறைப் பாசி, பெரணி, ஈரத்தில் நிற்கும் குரங்குகள். சுவிட்சைப் போட்டால் மூன்று விநாடி கழித்துத்தான் அந்தக் கேமரா விழிக்கும். அதற்குள் குரங்கு போய்விடும். அருவித் தூவானம் பட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று எனக்குக் கவலை. அரிசிப் பானைக்குள் வைக்கச் சொன்னேன். "ஏலே, அரிசித் தூசி உள்ள போனா அதுக்கு என்ன செய்வே? நீ உன் துணியப் போயிக் காயப்போடு" என்றார்.

அந்த ஆண்டு முடியும் முன் அவருடைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரை மரியம் என்று எழுதுகிறேன். அது அவர் பெயரன்று. மூத்த மகளுக்குக் கல்யாணம். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள், ஸ்டுடியோக்காரரையும் விடமாட்டார்கள். பெண் ஒருவரையே கூட்டிவந்து எடுத்தாலும், ரோலைக் கழுவிப் பிரிண்ட் போடுவது யாரோ ஓர் ஆண். ஆகவே கல்யாணப் பெண்ணின் படமே இல்லாமல் கல்யாணங்கள் நடந்து முடிந்தன. வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்குத் தங்கையின் கல்யாணக் கோலத்தைப் பார்க்க வழியில்லை.

மரியம் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோலு எங்கன டீச்சர் போடுவீய?"

"ரோலு கிடையாதுட்டி."

"அப்ப கழுவுதது?"

"கழுவ ஆளு வேண்டாம். எடுத்ததும் இந்தா, இதுல தெரியும். புடிக்கலன்னா இங்கனயே அழிச்சிரலாம்."

"அழிச்சிட்டா அப்புறம் யாரு கண்ணுக்கும் தெரியாதா?"

"எனக்கே தெரியாது."

மரியம் அந்தத் தீப்பெட்டி அளவுத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்க வாங்க டீச்சர்" என்றார்.

அன்றே அக்கா ஒரு முறையை வகுத்துக்கொண்டார். எடுத்த ஒவ்வொரு படத்தையும் அதில் இருப்பவரிடம் காட்டுவது. வேண்டாம் என்றால் அங்கேயே அழிப்பது. மறுநாள் படங்களை என் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே ஒரு சிடி எழுதி, கல்யாணப் பெண்ணின் தாயார் கையில் தாமே கொடுப்பது. பிறகு கேமராவின் கார்டிலும் கம்ப்யூட்டரிலும் உள்ளதை அழிப்பது. அந்த வேலை நடக்கும்போது நான் அறைக்குள் வரக் கூடாது. கூலி வாங்கவில்லை. ஒன்றரை ஆண்டில் இப்படிப் பதினொரு கல்யாணங்கள் எடுத்தார்.

கம்ப்யூட்டரில் அந்த ஒரு வேலையைத் தவிர அக்காவுக்கு வேறொன்றும் தெரியாது. அழித்த கோப்பு உடனே அழிவதில்லை என்பதும் தெரியாது. திரையின் மூலையில் உள்ள குப்பைத் தொட்டிக்குள் அது அப்படியே இருக்கும். எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அக்கா சிடியைக் கொடுக்கப் போன நேரத்தில் நான் அந்தத் தொட்டியிலிருந்து எடுத்து இன்னொரு சிடி எழுதிவிட்டு, தொட்டியைக் காலி செய்தேன். ஒரே பிரதி, அதுவும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தொலைந்தால் என்ன ஆகும் என்ற பதற்றம். பதினொரு சிடிகள், 1,563 படங்கள். என் இரும்புப் பெட்டியில் பழைய மழைப் பதிவேடுகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன்.

2006 நவம்பரில் ஒரு பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மரியம் வந்தார். கையில் இரண்டாகப் பிளந்த சிடி. வீட்டு ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்று பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறார். மேலே மேலே சேலை அடுக்கியதில் உடைந்துவிட்டது. அவருடைய அக்கா, அவர்கள் 'லாத்தா' என்று அழைப்பவர், மரியத்தைத் தூக்கி வளர்த்தவர், அதற்கு முந்தைய வாரம் இறந்திருந்தார். அந்த அம்மாள் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கேமரா முன் உட்கார்ந்தவர். அந்தக் கல்யாணத்தில்.

"எதுலயாவது ஒட்டிக்கிட்டு இருக்குமா டீச்சர்? மூஞ்சி மட்டும் போதும்."

"அழிச்சிட்டேன்ட்டி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இருந்தா உனக்கு இல்லன்னு சொல்லுவனா?"

நான் பின்னறையில் இருந்தேன். மரியம் அழுத சத்தம் கேட்டது. இரும்புப் பெட்டி என் காலிலிருந்து நான்கு அடி தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. பத்தாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது அக்காவிடம் சொன்னேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தன?"

"பதினொரு கல்யாணமும்."

"அதக் கேக்கல. எத்தன படத்தத் தொறந்து பாத்தே?"

"பதினொண்ணு. சரியா ஏறியிருக்கான்னு பாக்க, சிடிக்கு ஒண்ணு."

"அதுல மொகம் எத்தன?"

"ஏழு. மத்த நாலு பூவும் பலகாரமும்."

நான்தான் அவசரப்பட்டு, மரியத்துக்கு மட்டும் கொடுத்துவிடலாம், எங்கோ கிடைத்தது என்று சொல்லிவிடலாம், மற்ற பத்து வீட்டுக்கும் தெரியவா போகிறது என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியுதுல்லா" என்றார் அக்கா. "பதினொரு வீட்டுக்கும் போயி அவங்க சிடிய அவங்க கையிலயே கொடுக்கணும்."

"அப்ப நான்தான் வச்சிருந்தேன்னு சொல்லிருதேன்."

"நீ பாத்தன்னு சொன்னா அந்தப் பிள்ளையளுக்குல்லா தலக்குனிவு? நான் வச்சிருந்தேன்னு சொன்னா அது என்னோட போயிரும். வாயப் பொத்திக்கிட்டுப் பையத் தூக்கிட்டு வாலே."

மூன்று நாள் போனோம். தென்காசியில் எட்டு வீடு, கடையநல்லூரில் இரண்டு, பாவூர்சத்திரத்தில் ஒன்று. நான் தெருமுனையில் நிற்பேன். அக்கா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார். மறைத்துக்கொண்டு போகமாட்டார். ஒரு வீட்டில் நான்கே நிமிடம். "டீச்சர்ன்னு நம்பித்தான விட்டோம்" என்ற குரல் தெருமுனை வரை வந்தது; கதவு சாத்தப்பட்டது. இன்னொரு வீட்டில் சிரிப்புச் சத்தம். வெளியே வந்த அக்காவிடம் என்னவென்று கேட்டேன். "மருமவ கேக்கா, 'படம் நல்லா விழுந்திருக்கா டீச்சர், எங்க உம்மாவுக்கும் ஒரு காப்பி கிடைக்குமா'ன்னு." கடைசியாக மரியம் வீடு. நாற்பத்தேழு நிமிடம். வெளியே வந்த அக்காவின் தோளில் சேலை நனைந்திருந்தது. அழுதது யார் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தப் பேச்சு ஊரில் கிளம்பி நம் வீடுகளுக்கும் வந்தது. அடுத்த மாதம் நம் குடும்பத்திலேயே ஒரு கல்யாணம். "அவ கேமராவத் தூக்கிட்டு வந்தா நாங்க மண்டபத்துக்கே வரமாட்டோம்" என்று சொன்னவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், நான்கு பேர். அக்கா அதே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். முதல் வரிசையில் நடுவில் அமர்ந்தார். தாலி கட்டும்வரை இருந்தார், பந்தியில் சாப்பிட்டார், தாம்பூலம் வாங்கினார். லென்ஸ் மூடியை ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. அந்த நான்கு பேரும் மண்டபத்தில்தான் இருந்தார்கள். நான் அன்றே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா என் முழங்கையைப் பிடித்து அமர்த்திவைத்திருந்தார் என்பது உண்மை. பலமாகப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

பதினான்கு மாதம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு மரியம் தம் இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். அக்கா முறையை மாற்றிக்கொண்டார். சிடி எழுதுவதில்லை. கல்யாண வீட்டாரே ஒரு புதுக் கார்டு வாங்கி வைக்க வேண்டும். அதில் எடுத்து, வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கேமராவோடு வீடு திரும்புவார். அப்படி இருபத்துமூன்று கல்யாணங்கள். 2013இல் முழங்கால் இடம் கொடுக்காமல் நிறுத்தினார்.

சென்ற ஆண்டு ஆனி மாதம் மூச்சுத் திணறல் அதிகமாகி, பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு அக்கா காலமானார். வயது எழுபத்தொன்பது. கேமராவை எடுத்துப் பார்த்தேன். கார்டு போடும் இடம் காலி. வீட்டில் குற்றாலத்துப் பெரணிகளைத் தவிர அவர் எடுத்த வேறு படம் ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்க்க விரும்புவோர் வந்து தேடலாம்.

அந்தப் பதினொரு வீடுகளில் ஒன்பது வீட்டுப் பெண்கள் அக்கா காலமான அன்று வந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மரியம் மறுபடி வந்தபோது நான் உண்மையைச் சொன்னேன். ஏழு முகம் பார்த்ததையும் சொன்னேன். மரியம் வியப்படையவில்லை.

"எங்களுக்கு அப்பவே தெரியும் சார். டீச்சருக்குக் கம்ப்யூட்டர்ல அழிக்கத்தான் தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும். டீச்சர் வந்து தன் தலையில போட்டுக்கிட்டப்ப நாங்க என்னத்தச் சொல்ல? சரி டீச்சர்ன்னோம்."

"இத எழுதட்டுமா?"

"மத்தவங்கள்ட்டயும் கேட்டுட்டுச் சொல்லுதேன்." நான்காம் நாள் தொலைபேசியில் சொன்னார்: "எழுதுங்க சார். பேரையும் தெருவையும் மட்டும் போட்டுராதீய."

கட்டுரையின் கைப்படியை எங்கள் சித்தப்பா மகனிடம் காட்டினேன். அவர் இருமுறை படித்துவிட்டு, "எல்லாரும் மறந்து போன சங்கதிய எதுக்குண்ணே கிண்டுதீய? அன்பானவர், பண்பானவர்ன்னு நாலு வரி எழுதுங்க" என்றார். யாரும் மறக்கவில்லை. இரங்கல் சொல்ல வந்த இடத்திலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். எழுதியதை எடுக்கமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அக்காவைப் பத்தொன்பது நாளும் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் மூன்று செவிலியருக்கும், முறை வைத்து மருத்துவமனையில் துணையிருந்த ஐந்து குடும்பத்தாருக்கும், அன்று வந்து நின்ற ஒன்பது வீட்டுப் பெண்களுக்கும், இதை எழுத இசைந்த பதினொரு வீட்டாருக்கும் தலை வணங்குகிறேன். அக்காவைப் பற்றி அப்படிப் பேசியவர்கள், இனி என்னைப் பற்றிப் பேசலாம். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

இந்த மலரின் செலவை ஆறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதாக இருந்தது. இந்தக் கட்டுரை இருக்குமானால் தங்கள் பங்கு வராது என்று ஐந்து குடும்பங்கள் தெரிவித்துவிட்டன. முந்நூறு பிரதிகள், அச்சுக்கூலியும் தாளும் அட்டையும் சேர்த்து இருபத்தோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். முழுவதையும் நான் கொடுத்துவிட்டேன்.