கண்ணாடித் துண்டும் போட்டு விசிறியும்

இன்று உக்குவளைச் சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். என் பையில் கேம்பஸ் ஆய்வுகூடத்துக் கண்ணாடித் துண்டு ஒன்று, மெல்லிய குழாய்களோடு இருந்தது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார் இளம் சிப்பாய்.

துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, சிங்களத்திலேயே சொன்னேன். "இதுக்குள்ள முடி அளவு வாய்க்கால் இருக்குங்க. தண்ணி வேகமா ஓடுறப்போ குமிழி வந்து உடையும். அதப் படம் எடுக்கிறோம்."

படங்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்க அப்பா மீன்பிடிக்கிறவரு. படகுக்கு அடியில சுத்துற போட்டு விசிறி அடிக்கடி அரிச்சுப் போகுது. அதுவும் இந்தக் குமிழியாலயா?"

"இருக்கலாங்க. உடையிறப்போ உலோகத்தையே அரிக்கும்."

"அப்பா உப்பைத்தான் திட்டுறாரு," என்று சிரித்தபடி பையைத் திருப்பித் தந்தார். "இதச் சிங்களத்துல எழுதிக் குடுங்க, வீட்டுக்கு அனுப்புறேன்."

வெள்ளிக்கிழமை வரை அந்தச் சாவடியில்தான் இருப்பாராம்; அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் சிங்கள எழுத்துப் பிழைகளைத் திருத்த யார் வருகிறீர்கள்?