பத்துப் போத்தல் சுடுதண்ணீர்

இன்று காலை ஒரு குப்பைப் பையைப் பார்த்து, போட்டது போட்டபடி ஓடினேன்!

பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். (அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.)

என் கணவர் கிண்ணியாவிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டுகிறவர். பத்து வருடமாகச் சீனி வருத்தம் (சர்க்கரை நோய்).

போன வாரம் லொறியால் இறங்கியதுமே சுகாதாரப் பரிசோதகர், பீஎச்ஐ, வந்தார். கொழும்பில் கொரோனா பரவுவதால் பதினாலு நாள் வீட்டிலேயே தனிமை என்று சொல்லி, கேற்றில் ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவர் முன் அறையில், நானும் மகளும் குசினிப் பக்கம். சாப்பாடு, தண்ணீர், கதை எல்லாம் யன்னலால்தான்.

(கலியாணம் முடித்து இருபது வருடத்தில் நாங்கள் இவ்வளவு கதைத்ததே இல்லை!)

கிளினிக் போகும் நிலைமை இல்லை. மாத்திரை தபாலில் வந்தது. "சீனி வருத்தக்காரருக்குக் கொரோனா வந்தாக் கஷ்டம், ஒவ்வொரு நாளும் குத்திப் பாக்கச் சொல்லுங்க" என்று பீஎச்ஐ சொல்லியிருந்தார். சுகர் பார்க்கிற மெஷினையும் புது ஸ்ட்ரிப் பெட்டி ஒன்றையும் யன்னலால் கொடுத்தேன். (ஒரு தரம் பார்க்க ஒரு ஸ்ட்ரிப், பிறகு அது குப்பைதான்.)

ஒவ்வொரு நாளும் காலையில் கேட்பேன்.

"இண்டைக்கு எவ்வளவு?"

"நூத்தி முப்பது!"

அடுத்த நாள், "நூத்தி இருபத்தெட்டு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அக்கா, ராத்தாவுக்குப் போன் எடுத்துப் பீற்றிக்கொண்டேன்.

இதற்குள் இன்னொரு சந்தோஷம். சுடுதண்ணீர் குடித்தால் கொரோனா தொண்டையோடு போய்விடும் என்று வட்ஸ்அப்பில் வந்ததே, அதை அவரிடம் சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சுக் கேட்காத மனுஷன், போத்தல் போத்தலாகக் குடித்தார். ஒரு நாளைக்குப் பத்துப் போத்தல்! அடுப்பிலிருந்து கேத்தல் இறங்கவே இல்லை.

அதோடு மூன்று வேளையும் கருஞ்சீரகமும் தேனும். (நான்தான் கொடுத்தேன். இந்தக் கையால்தான்.)

அறைக்குள் சேரும் குப்பையைத் தனியாகக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் யன்னலால் போட்ட ஏழு நாள் குப்பையும் முற்றத்தில் ஒரே பைக்குள்தான் இருந்தது. இன்று காலை நான் அதை நகர்த்தும்போது கிழிந்துவிட்டது.

மாத்திரை அட்டை, டிஷ்யூ, பேரீச்சம்பழக் கொட்டை.

ஸ்ட்ரிப் ஒன்றுகூட இல்லை!

யன்னலடிக்கு ஓடினேன்.

"பாவிச்ச ஸ்ட்ரிப்பெல்லாம் எங்க?"

அவர் போர்வையை இழுத்து மூடினார்.

"பெட்டியக் காட்டுங்க!"

காட்டினார். ஒட்டியிருந்த சீல்கூட உடையவில்லை.

அப்போதுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. அவர் தண்ணீர் குடித்தது வட்ஸ்அப்புக்காக இல்லை. அது தாகம்! சீனி ஏறின தாகம்! அதைப் பார்த்துத்தான் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"சீனி கூட எண்டு சொன்னா நீ விடுவியா? ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாய். அங்க போனா டெஸ்ட் எடுப்பாங்க. பொசிட்டிவ் எண்டு வந்து நான் மவுத்தாகிட்டா…"

பெட்டியைக் கட்டிலில் வைத்தார்.

"என்ன எரிச்சிருவாங்க புள்ள."

உங்களுக்கும் தெரியும். இப்போது கொரோனாவில் இறந்து மவுத்தானால் அடக்க விடுவதில்லை. அடக்கம் மட்டுமே செய்கிற எங்கள் முஸ்லிம்களின் மையத்தையும் (உடலையும்) எரிக்கிறார்கள். அவர் கொழும்பிலிருந்து வந்த நாள் முதல் எனக்கும் இதே பயம்தான். நாங்கள் இரண்டு பேரும் யன்னலில் ஊர்க்கதையெல்லாம் கதைத்தோம், இதை மட்டும் கதைக்கவில்லை. 

"முதல்ல குத்திப் பாருங்க" என்றேன்.

குத்தினார். மெஷினில் எண்ணே வரவில்லை. 'ஹை' என்று மட்டும் காட்டியது. மெஷினாலேயே அளக்க ஏலாத அளவுக்குக் கூட என்று அர்த்தம்!

பீஎச்ஐக்குப் போன் போட்டேன். அம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றார். இவரோ கட்டிலை விட்டு எழும்புகிறார் இல்லை.

"நான் போகமாட்டன். என்ன விடு. மவுத்தானாலும் நம்மட வீட்டிலயே மவுத்தாகிறன்."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"இங்க மவுத்தானா மட்டும் விடுவாங்களா? வீட்டில மவுத்தானாலும் டெஸ்ட் எடுத்துப் பாத்துத்தான் மையத்தத் தருவாங்க! எரிக்காம இருக்க ஒரே வழி மவுத்தாகாம இருக்கிறதுதான்!"

மகள் அழத் தொடங்கிவிட்டாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாக, "ஆஸ்பத்திரியில உடுக்க ரெண்டு சாரம் எடுத்துத் தா" என்றார்.

உடம்பு முழுக்க மூடின இரண்டு பேர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. அவர் ஏறும்போது நான் கையைக்கூடப் பிடிக்கவில்லை. பிடிக்க விடவில்லை.

பின்னேரம் டொக்டர் போன் எடுத்தார். சேலைனும் இன்சுலினும் போகிறதாம், சீனி இறங்கத் தொடங்கிவிட்டதாம். அல்ஹம்துலில்லாஹ்!

"இன்னும் ஒரு நாள் போயிருந்தாக் காப்பாத்துறது கஷ்டம்" என்றார்.

பிறகு கேட்டார். "வீட்டில மெஷினும் இருக்கு. ஏன் இவ்வளவு பிந்தி அனுப்பினீங்க?"

நல்ல மனுஷன், தன்மையாகத்தான் கேட்டார். ஆனால் எரிப்பார்கள் என்று பயந்துதான் இவர் ஒளித்தார் என்று டொக்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"விளங்காமப் போச்சு டொக்டர்" என்றேன்.

உங்களிடம்தான் உண்மையைச் சொல்கிறேன்.

பிசிஆர் ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். நெகட்டிவ் வர துஆ செய்யுங்கள். வேறு மதத்து நண்பர்களே, உங்கள் சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் சீனி வருத்தக்காரர் இருந்தால் ஒன்று கேட்கிறேன். இன்று அவர் குத்திப் பார்த்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?